23 பேரும் போகக்கூடிய ஓர் ஒன்றுகூடல்

அன்புள்ள ஐயாவுக்கு,

கிளிநொச்சியில் பால் சேகரித்து, கால்நடைக் கடனும் வழங்கும் நிறுவனமொன்றின் கிளைக்குப் பொறுப்பாக இருக்கிறேன். அலுவலகத்திலும் வெளிக்களத்திலுமாக 23 பேர் வேலை செய்கிறோம். கடந்த ஆண்டு இரண்டு பிரிவுகளை ஒன்றாக்கியதிலிருந்து இரு பக்கத்தாருக்கும் இடையே முகம்கொடுத்துப் பேசுவதே குறைந்துவிட்டது. கொழும்புத் தலைமை அலுவலகம் 'ரீம் பில்டிங்' செய்யும்படி பணம் ஒதுக்கி, மூன்று தெரிவுகளையும் அனுப்பியிருக்கிறது. ஒன்று, கொழும்புக்கு அருகே பெயின்ற்போல். இரண்டாவது, கித்துள்கலையில் இரவு தங்கி ஆற்றுப் படகுச் சவாரி. மூன்றாவது, முல்லைத்தீவுக் கடற்கரையில் பயிற்றுநர் நடத்தும் விளையாட்டுகள். இளையவர்களுக்குக் கித்துள்கலையில் ஆசை. எங்களில் ஒருவர் செயற்கைக் காலுடன் நடப்பவர். சில அக்காமார் இரவு தங்க வரமாட்டார்கள். எதைத் தெரிவு செய்யலாம்?

வாசகி, கிளிநொச்சி

அன்புள்ள சகோதரிக்கு,

மூன்றையும் விட்டுவிடுங்கள் என்பதே என் பதில். ஏன் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், அந்த மனக்கசப்பு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். முழங்காவிலிலிருந்து வெயிலில் மோட்டார் சைக்கிளில் திரும்பி வருபவரிடம், படிவத்தில் ஓரிடம் நிரப்பப்படவில்லை என்று சொல்லி அதைத் திருப்பிக் கொடுப்பவர் இரக்கமற்றவராகத் தெரிவார். மாத முடிவுக்குள் கணக்கை ஒப்படைக்க வேண்டியவருக்கோ, படிவத்தைத் தாமதமாகக் கொண்டு வருபவர் பொறுப்பற்றவராகத் தெரிவார். எரிபொருள் கொடுப்பனவு பிந்துவதுதான் பிரச்சினையென்றால் அதை முதலில் தீர்த்துவிடுங்கள். காசு தராத நிறுவனம் விளையாடக் கூப்பிடுகிறது என்ற எண்ணத்தோடு வருபவர்களை எந்தப் பயிற்றுநராலும் ஒன்று சேர்க்க முடியாது. அதன் பிறகு, ஒன்றுகூடலுக்கு முன்னதாகவே, அலுவலகத்தவர் ஒவ்வொருவரும் ஒரு காலைப்பொழுது வெளிக்கள உத்தியோகத்தர் ஒருவருடன் பால் சேகரிப்பு நிலையங்களுக்குப் போய்வரட்டும். வெளிக்களத்தவரும் ஒரு பிற்பகல் கணக்குப் பகுதியில் இருந்து பார்க்கட்டும். இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை.

இனி அந்தத் தெரிவுகளுக்கு வருகிறேன். சிரமத்தையும் அச்சத்தையும் சேர்ந்து கடந்தால் மனிதர்கள் நெருங்குவார்கள் என்ற எண்ணத்தில்தான் இத்தகைய பயிற்சிகளிற் பல அமைக்கப்படுகின்றன. அந்த மரபின் ஒரு பெரிய ஊற்று, 1941இல் வேல்ஸின் அபர்டோவியில் தொடங்கப்பட்ட அவுட்வேர்ட் பவுண்ட் பள்ளி. போர்க்காலக் கடலில் கப்பல் மூழ்கினால் உயிர் தப்புவதற்கு வேண்டிய உறுதியை இளம் மாலுமிகளுக்கு ஊட்டுவது அதன் முக்கிய நோக்கங்களில் ஒன்றாக இருந்தது. உங்கள் அலுவலகத்தில் முப்பது வயதைத் தாண்டிய எவரையும் நினைத்துப் பாருங்கள். போர் முடிந்த 2009இன் முதல் ஐந்து மாதங்களை உயிரோடு கடந்து வந்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு அச்சத்தின் மூலம் கற்பிக்க எதுவும் மிச்சமில்லை.

ஆகவே, துப்பாக்கி வடிவக் கருவியை ஏந்தி ஒருவரையொருவர் மறைந்திருந்து சுடும் பெயின்ற்போலை ஆலோசனைக்கே எடுக்க வேண்டாம். கண்ணைக் கட்டிக்கொண்டு இன்னொருவர் கையைப் பிடித்து நடப்பது, பின்னால் நிற்பவரை நம்பிச் சாய்ந்து விழுவது, சேற்றில் ஊர்ந்து செல்வது ஆகியவற்றையும் பயிற்றுநரின் பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லுங்கள். கண் கட்டப்படுவது யாருக்கு எதை நினைவூட்டும் என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இவற்றைவிட நான் அஞ்சுவது, எல்லோரையும் வட்டமாக இருத்தி, 'உங்கள் வாழ்வின் மிகக் கடினமான நாளைச் சொல்லுங்கள்' என்று கேட்கும் அமர்வைத்தான். காணாமலாக்கப்பட்ட மகனைத் தேடும் தாய் ஒருத்தி சக ஊழியர் முன்னால் அதைச் சொல்லவும் கூடாது, சொல்லாமல் மழுப்ப வேண்டிய நிலைக்குத் தள்ளப்படவும் கூடாது. மறுநாள் அதே மேசையில் அவர் வேலை செய்ய வேண்டியிருக்கிறது.

முல்லைத்தீவுக் கடற்கரை அழகானதுதான். ஆனால் 2004 டிசெம்பர் 26இன் ஆழிப்பேரலையில் அந்தக் கரையில் உறவுகளை இழந்தவர்கள் உங்களிடையே இருக்கக்கூடும். அவர்களிடம் கேட்காமல் அங்கே விளையாட்டை வைக்காதீர்கள். பற்றைக்காட்டுக்குள் குறிப்புகளை ஒளித்துவைத்துத் தேடும் புதையல் விளையாட்டு வன்னியில் எங்குமே வேண்டாம். கண்ணிவெடி அகற்றும் பணி நெடுங்காலம் நடந்த மண் இது. தெரிந்த பாதையை விட்டு இறங்காமலிருப்பதே இங்கே நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பழக்கம்.

கித்துள்கலையை விரும்பும் இளையவர்களிற் குற்றமில்லை. களனி கங்கையில் அந்தச் சவாரி உண்மையில் மகிழ்ச்சியானது, அவர்கள் விடுமுறையில் சேர்ந்து போய்வரட்டும். நிறுவனத்தின் பணத்தில் நடக்கும் ஒன்றுகூடலில் செயற்கைக் காலுடன் வரும் நண்பர் கரையில் பைகளுக்குக் காவலிருக்க நேர்ந்தால், அது அவரை மட்டும் தனிமைப்படுத்துவதோடு நிற்காது.

நான் முன்வைப்பது ஒருநாள் மன்னார்ப் பயணம். அதிகாலையில் புறப்பட்டு, பூநகரி வழியாக ஏ-32 வீதியில் போனால் மாலையில் வீடு திரும்பிவிடலாம். இரவு தங்கும் கேள்வியே எழாது. 2010இல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட வங்காலைச் சரணாலயம் மன்னார்ப் பாலத்துக்குச் செல்லும் வீதியின் ஓரத்திலேயே இருப்பதால், வலசை வரும் பறவைகளைப் பார்க்க எவரும் அதிகம் நடக்க வேண்டியதில்லை. பிறகு, முன்கூட்டியே வாடகைக்கு எடுத்த மண்டபமொன்றின் சமையற்கட்டில் மதிய உணவை நீங்களே சமையுங்கள். அலுவலகத்தவர் ஒருவரும் வெளிக்களத்தவர் ஒருவருமாக இணை சேர்த்து, சந்தையில் மீன் வாங்குவது, தேங்காய் துருவுவது, அரிசி அளப்பது, கணக்கு வைப்பது என்று பிரித்துக்கொடுங்கள். ஆண்கள் வெளியில் கதைத்துக்கொண்டிருக்கப் பெண்களே அடுப்படியில் நிற்கும் நிலை மட்டும் வரக் கூடாது. அப்படி வருமென்றால் சமையலைக் கைவிட்டு உணவை வாங்கிவிடுவதே மேல். 23 பேரின் சோறு நேரத்துக்கு வேக வேண்டுமென்றால் யாரும் யாரையும் விலக்கி நிற்க முடியாது. இருந்துகொண்டு செய்யும் வேலைகளும் அங்கே நிறைய உண்டு. வெள்ளிக்கிழமை என்றால் பலர் மரக்கறிதான் உண்பார்கள். ஆகவே வேறொரு நாளைப் பாருங்கள்.

மார்ச் மாதம் நல்லது. காலபோக அறுவடை முடிந்திருக்கும், கடும் வெயில் தொடங்கியிருக்காது, பறவைகளிற் பலவும் இன்னும் திரும்பிப் போயிருக்கா. சிவராத்திரியை அண்டிய நாட்களில் திருக்கேதீச்சரத்துக்கு வரும் கூட்டத்தால் வீதி நெரிசலாக இருக்கும் என்பதையும் கவனியுங்கள். மே மாத நடுப்பகுதியை மட்டும் எக்காரணம் கொண்டும் தெரிவு செய்ய வேண்டாம். அந்த வாரத்தில், போரின் இறுதியில் இறந்தவர்களின் நினைவாக முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சுகிறவர்கள் உங்கள் ஊழியர்களின் வீடுகளிலேயே இருப்பார்கள்.

தலைமை அலுவலகத்துக்கு எழுதும்போது எந்த ஊழியரின் தனிப்பட்ட கதையையும் காரணமாகக் காட்டாதீர்கள். எல்லா ஊழியரும் பங்குபற்றக்கூடியது, அன்றே திரும்பிவரக்கூடியது, ஒதுக்கிய பணத்துக்குள் முடியக்கூடியது என்ற மூன்று காரணங்களே போதும். ஊழியர்களுக்குக் கொடுக்கும் அறிவித்தலில், வர விரும்பாதவர் காரணம் சொல்லத் தேவையில்லை என்றும், அந்த நாள் அவரது விடுப்பில் கழிக்கப்படாது என்றும் தெளிவாக எழுதி, உங்கள் கையொப்பத்துடன் ஒட்டிவிடுங்கள்.