38 வயதிலேயே நின்றுவிட்டதே, அக்கா!

கேள்வி: அக்கா, எனக்கு வயது 38. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள், இப்போது டவுனில் ஒரு பள்ளிக் கேண்டீனில் வேலை செய்கிறேன். தீபாவளிக்கு முந்தின வாரம் வந்த மாதவிலக்குதான் கடைசி, எட்டு மாதமாக ஒன்றுமே இல்லை. மகளுக்கு 14 வயதாகிவிட்டது, இப்போதாவது இன்னொரு பிள்ளை தங்கியிருக்கிறதோ என்று ஆசையோடு பார்மசியில் டெஸ்ட் வாங்கி இரண்டு தடவை பார்த்தேன், இல்லை. அப்புறம் கறிபாப் பொரிக்கும்போது நெஞ்சிலிருந்து கழுத்து, முகம் வரைக்கும் குப்பென்று சூடு ஏறி சட்டை நனைய ஆரம்பித்தது. அடுப்புச் சூடு என்றுதான் இருந்தேன், ஆனால் பக்கத்தில் நின்றவர்களுக்கு வியர்க்கவே இல்லை, ராத்திரி மூன்று மணிக்கும் அதே சூடு. ஒரு தனியார் கிளினிக்கில் ரத்தம்கூட எடுக்காமல் 'டென்ஷன்' என்று வைட்டமின் கொடுத்து அனுப்பினார்கள். அரசாங்க கிளினிக்கில்தான் எடுத்தார்கள், ஆறு வாரம் கழித்து மறுபடியும் எடுத்தார்கள். சினைப்பையைத் தூண்டும் எஃப்எஸ்எச் என்ற ஹார்மோன் இரண்டு தடவையும் அதிகமாம். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்து, ஹார்மோன் மாத்திரை வேண்டியிருக்கும் என்றார்கள். அதைச் சாப்பிட்டால் புற்றுநோய் வரும் என்கிறார்களே? மாமியார் "தொல்லை விட்டது, விடு" என்கிறார். சின்ன வயதில் அம்மாவோடு மருந்தடிக்கப் போவேன், அதனால்தான் இப்படி ஆனதா? வீட்டுக்காரரிடம் இன்னும் முழுசாகச் சொல்லவில்லை.
— பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மாமியார் பாசத்தில்தான் சொல்கிறார், ஆனால் இந்த விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்காதீர்கள். பெண்களுக்குப் பொதுவாக 45 வயதிலிருந்து 55-க்குள் நிற்கும். 40-க்கு முன்னால் சினைப்பை ஓய ஆரம்பித்தால் அது தொல்லை விட்ட கதை இல்லை, வைத்தியம் பார்க்க வேண்டிய நிலை. எலும்பைக் கெட்டியாக வைத்திருப்பதில் சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனுக்குப் பெரிய பங்கு உண்டு, இதயத்துக்கும் அது வேண்டும். அது பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்னாடியே குறைந்துபோனால் எலும்பு சத்தமில்லாமல் மெலிந்துகொண்டே வரும். என் அம்மாவுக்கும் சீக்கிரமே நின்றுவிட்டது. லயத்தில் யாரிடமும் வாய் திறக்கவில்லை, பால் வெட்டப் போய்க்கொண்டே இருந்தார். அறுபது வயதுகூட ஆகாமல் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தபோதுதான் டாக்டர் "எப்போது நின்றது?" என்று கேட்டார். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மாத்திரை பயத்துக்கு வருகிறேன். 2002-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய ஆய்வுக்குப் பிறகுதான் இந்தப் பயம் உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் அதில் கலந்துகொண்ட பெண்களின் சராசரி வயது 63, எல்லாருமே மாதவிலக்கு நின்றுபோனவர்கள். உங்கள் வயதில் கொடுப்பது வேறு கணக்கு, உங்கள் உடம்பு தானே சுரந்திருக்க வேண்டியதைத்தான் திருப்பிக் கொடுக்கிறார்கள். வேறு தடை இல்லையென்றால் இயற்கையாக நிற்கும் வயது, அதாவது ஏறக்குறைய 50 வரைக்கும் எடுக்கச் சொல்வதுதான் வழக்கம். கருப்பை இருக்கிறவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனைத் தனியாகக் கொடுக்க மாட்டார்கள், கருப்பையின் உட்சுவரைப் பாதுகாக்க புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்ந்தே இருக்கும். உங்களுக்கு மார்பகப் புற்றுநோய் வந்திருந்தாலோ, ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து கட்டியிருந்தாலோ, கல்லீரலில் கோளாறு இருந்தாலோ டாக்டரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள், அப்போது வழி மாறும். தைராய்டையும் பார்க்கச் சொல்லுங்கள், எலும்பு அடர்த்தி ஸ்கேன் பற்றியும் கேளுங்கள்.

மருந்தடித்ததாலா என்று கேட்டீர்கள். நம் தோட்டத்துப் பெண்கள் முகமூடிகூட இல்லாமல் முதுகில் பம்பைச் சுமந்து பாராகுவாட் என்ற களைக்கொல்லியை அடித்ததை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வரும், மலேசியாவில் அதை முழுசாகத் தடை செய்ததே 2020-இல்தான். ஆனால் உங்களுக்கு அதனால்தான் நின்றது என்று யாராலும் சொல்லிவிட முடியாது. இந்த நிலை வரும் பெண்களில் பெரும்பாலோருக்குக் காரணமே கண்டுபிடிக்க முடிவதில்லை. சிலருக்கு மரபணு, சிலருக்கு உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சினைப்பையைத் தாக்குவது, சிலருக்குப் புற்றுநோய் சிகிச்சை. மருந்தடித்ததையும் டாக்டரிடம் சொல்லுங்கள், பழியை மட்டும் உங்கள் தலையிலோ அம்மா தலையிலோ போடாதீர்கள்.

இன்னொரு பிள்ளை வேண்டும் என்ற ஆசையை இரண்டே வரியில் எழுதிவிட்டீர்கள், எனக்கு மனதில் நின்றது அதுதான். உங்கள் நிலையில் உள்ளவர்களுக்குச் சினைப்பை எப்போதாவது விழித்துக்கொள்வது உண்டு, நூறு பேரில் 5 முதல் 10 பேர் வரை தானாகவே கருத்தரிக்கிறார்கள். வாய்ப்பு குறைவுதான், பொய் நம்பிக்கை கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கதவு முழுசாக அடைபட்டுவிட்டது என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள், சிறப்பு மருத்துவரிடம் இதை வாய் விட்டுக் கேளுங்கள். கர்ப்பம் தரிக்க வைக்கிறேன் என்று லேகியம் விற்பவர்களிடம் மட்டும் காசைக் கொடுத்துவிடாதீர்கள்.

பெரிய ஆஸ்பத்திரித் தேதியைத் தள்ளிப் போட வேண்டாம். அன்றைக்கு வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள், தனியாகச் சொல்ல வாய் வராததை டாக்டர் சொல்லும்போது அவரே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளட்டும். இடையில் சொட்டு உதிரம் பட்டால்கூடத் தேதியைக் காலண்டரில் குறித்து வைத்து அதையும் எடுத்துப் போங்கள், போய் வந்து எனக்கும் எழுதுங்கள்.