லூப் இருக்கும்போது கரு தங்கினால் என்ன ஆபத்து?

லூப் (கரு தங்காதிருக்கக் கருப்பைக்குள் வைக்கும் சிறு சாதனம்) போட்ட பிறகும் மாதவிலக்கு தள்ளிப்போயிருக்கிறது, அதன் நூலும் விரலில் தட்டுப்படவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். செப்பு லூப் முதல் வருடத்தில் 100 பேரில் ஒருவருக்கும் குறைவாகவே தவறுகிறது. ஆனாலும் சிறுநீர்ப் பரிசோதனையை இன்றே செய்யுங்கள். தவறியிருந்தால் அது உங்கள் பிழையல்ல, குடும்பநல உத்தியோகத்தரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கர்ப்பம் உறுதியானால், கரு எங்கே தங்கியிருக்கிறது என்பதையே ஸ்கேன் மூலம் முதலில் அறிய வேண்டும். லூப்பையும் மீறி உருவாகும் கரு, கருப்பைக்கு வெளியே பலோப்பியன் குழாயில் தங்கியிருக்கும் வாய்ப்பு வழக்கத்தைவிட அதிகம். குழாய் வெடித்தால் வயிற்றுக்குள் இரத்தம் பெருகி உயிருக்கே ஆபத்தாகும். அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் குத்தும் வலி, தோள்மூட்டில் நோ, இரத்தக்கசிவு, மயக்கம் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும், முல்லைத்தீவு மாவட்டத்தின் துணுக்காய், ஒட்டுசுட்டான் போன்ற தூரத்து ஊர்களில் இருப்போர் விடியும்வரை பொறுக்காமல் 1990 அம்புலன்சை அழைத்து மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

கரு கருப்பைக்குள்ளேயே இருந்தால், லூப்பை விட்டுவைப்பது கருச்சிதைவு, கிருமித்தொற்று, குறைமாதப் பிரசவம் ஆகியவற்றின் அபாயத்தைக் கூட்டும். நூல் தெரிந்தால் வைத்தியர் ஆரம்பத்திலேயே அதை எடுத்துவிடுவார். அப்போதும் கரு கலையச் சிறு வாய்ப்பு உண்டு, ஆயினும் விட்டுவைப்பதைவிட அது குறைவு. நூலை நீங்களாக இழுக்க வேண்டாம்.