காதைப் பழக்கு, நாக்கை விட்டுவிடு: நியூகாசிலுக்கு வந்த தங்கச்சிக்கு

தங்கச்சி, உன் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். நர்ஸாக வட இங்கிலாந்தின் நியூகாசிலுக்கு வந்து ஐந்து வாரம் ஆகிறது. மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடியில் கேட்டல் பகுதியில் நல்ல மதிப்பெண் எடுத்தவள் நீ. ஆனாலும் வார்டில் வயதானவர்கள் பேசுவதில் பாதி புரியவில்லை. கூட வேலை பார்க்கும் ஒருத்தி, "இவங்க மாதிரியே பேசிப் பழகு, சீக்கிரம் ஒட்டிக்கலாம்" என்கிறாள். நாகர்கோவிலில் அம்மாவோ, "உனக்க பேச்சே மாறிப்போச்சு" என்று போனில் வருத்தப்படுகிறார். எதைப் பிடிப்பது, எதை விடுவது என்று கேட்டிருக்கிறாய்.

நான் தக்கலைக்காரி. 2007இல் இங்கே வந்தேன். எலும்பு முறிவு வார்டில்தான் ஆரம்பம். காதும் நாக்கும் இரண்டு தனி வேலைகள் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் எனக்கு ஒரு வருட அவதி மிச்சமாகியிருக்கும். காதை உடனே பழக்க வேண்டும், அது உன் வேலையில் சேர்ந்தது. நாக்கை அதன் போக்கில் விட்டுவிடு.

காது ஏன் அவசரம் என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். வந்த இரண்டாவது மாதம். ஆஷிங்டன் பக்கத்துப் பழைய நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவர், இடுப்பு எலும்பு அறுவை முடிந்து படுத்திருந்தார். சுரங்கம் மூடிய பிறகு வாட்ச்மேன் வேலை. "எப்போது வோக்?" என்ற மாதிரி ஏதோ கேட்டார். எப்போது நடக்கலாம் என்று கேட்கிறார் என நினைத்து, "நாளைக் காலையிலேயே" என்று சொல்லிவிட்டேன். அவர் கேட்டது எப்போது வேலைக்குப் போகலாம் என்று. வீட்டம்மா அன்று மாலையே முதலாளிக்குப் போன் செய்துவிட்டார். மறுநாள் வார்டு சிஸ்டர் என்னை உட்கார வைத்து விளக்கினார். இந்தப் பக்கத்துப் பழைய பேச்சில் 'வொர்க்' என்பது 'வோக்' என்று வரும். இங்கிலாந்தின் தெற்கே 'நட' என்பதற்கான சொல் ஏறக்குறைய அப்படித்தான் ஒலிக்கும். இவர்கள் 'நட' என்பதற்கு வாயை நன்றாகத் திறந்து 'வா'வை நீட்டி 'வாக்' என்பார்கள். 'நர்ஸ்' 'நோஸ்' ஆகும், 'ஷர்ட்' 'ஷோட்' ஆகும். இளையவர்களிடம் இது குறைந்துவிட்டது. ஆனால் நம் வார்டில் படுத்திருப்பவர்கள் பெரும்பாலும் இளையவர்கள் இல்லையே.

சொற்களைவிட எனக்கு அதிகம் சிரமம் கொடுத்தது ராகம். இங்கே சாதாரணமாக ஒன்றைச் சொல்லும்போதும் கடைசியில் குரல் மேலே ஏறும். "மாத்திரை போட்டாச்சு" என்று தகவல் சொல்கிறார்கள், நமக்கு அது "மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்பது போல விழும். சந்தேகம் வந்தால் ஊகிக்காதே. "நீங்கள் என்னிடம் கேட்கிறீர்களா, சொல்கிறீர்களா?" என்று நேராகவே கேள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

வார்டில் முதலில் வேண்டியிருக்கும் சொற்கள் சில. 'பேட்' என்றால் கெட்டது மட்டும் அல்ல, உடம்பு சரியில்லை என்றும் பொருள். "நாட் வெரி கிளெவர்" என்று ஒருவர் சொன்னால் அது புத்தியைப் பற்றிய பேச்சு இல்லை, உடம்புக்கு முடியவில்லை என்கிறார். உடனே போய்ப் பார். 'கானி' என்றால் பரவாயில்லை, நல்லாத்தான் இருக்கிறேன் என்று பொருள். 'நெட்டி' கழிப்பறை. 'பேர்ன்' குழந்தை. 'ஸ்பெல்க்' கையில் ஏறிய மரச் சிராய். 'பெய்ட்' கட்டிக்கொண்டு வரும் மதியச் சாப்பாடு. "கிவ் அஸ்" என்றால் "எனக்குக் கொடு", 'அஸ்' என்றாலும் கேட்பது ஒரே ஆள்தான். "கான் ஹயெம்" என்று மயக்கத்தில் முனகும் கிழவர் வீட்டுக்குப் போக வேண்டும் என்கிறார். நார்வேக்காரர்களும் வீட்டை 'யெம்' என்கிறார்கள் என்று ஒரு நோயாளியின் மகள்தான் எனக்குச் சொன்னாள். அந்தச் சொல் புரியாமல் அவருக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன் நான். ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் பாக்கெட்டில் வைத்துக்கொள். நோயாளி பெயர் எழுதாதே, சொல்லை மட்டும் எழுது. மூன்று மாதத்தில் அந்தப் புத்தகம் தேவைப்படாது.

இனி நாக்கு. அவர்களைப் போலவே பேசிப் பழகு என்கிறாளே உன் தோழி, அதைச் செய்யாதே. அக்கறையில்தான் சொல்கிறாள், ஆனால் அது தப்பு. என்னோடு வந்த கேரளத்துப் பெண் ஒருத்தி, "வை ஐ மேன்" (ஆமாம்ப்பா), "ஹவே" (வா வா) என்று எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டாள். இடைவேளை அறையில் எல்லாரும் ரசித்தார்கள். ஒருநாள் மோசமான செய்தி கேட்டு நின்றிருந்த குடும்பத்திடம் பழக்கத்தில் அதே தொனியில் பேசிவிட்டாள். கேலி செய்கிறாள் என்று நினைத்து அந்த அம்மா அழுதுவிட்டார். இவளும் அழுதாள். இரவல் வாங்கிய பேச்சுக்கு எந்த இடத்தில் எந்தத் தொனி என்று தெரியாது. அது ஒரு தொனியோடு மட்டும்தான் வரும்.

இன்னொன்று, எந்த ஊர்ப் பேச்சைப் பிடிப்பாய்? இங்கிருந்து சண்டர்லாண்ட் சுமார் 20 கி.மீ. தான். நியூகாசில்காரர் 'ஹவே' என்பதை 'ஹொ' என்று தொடங்குவார், சண்டர்லாண்ட்காரர் 'ஹ' என்று தொடங்குவார். உனக்கும் எனக்கும் இரண்டும் ஒன்றுதான். நியூகாசில்காரரையும் அவர்கள் பேச்சையும் ஜோர்டி என்பார்கள். சண்டர்லாண்ட்காரரை ஜோர்டி என்று கூப்பிட்டுப் பார், முகம் மாறிவிடும். மார்த்தாண்டத்துக்காரியைத் திருநெல்வேலிக்காரி என்றால் எப்படி இருக்கும், அதே கதை. இந்த நுணுக்கம் இங்கே பிறந்து வளர்ந்தால் வருவது. நடிகர்களே பயிற்சியாளர் வைத்துப் பழகியும் ஊர்க்காரர் காதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

பேச்சில் நீ உழைக்க வேண்டிய இடங்கள் கொஞ்சம்தான். அவை ஊர்ப் பேச்சைச் சேர்ந்தவை அல்ல, புரியவைப்பதற்கானவை. சொல்லின் முதலில் வரும் 'ப', 'ட', 'க' மூன்றையும் கொஞ்சம் காற்றோடு சொல். நாம் காற்றில்லாமல் சொல்லும் 'பின்' இவர்கள் காதில் குப்பைத் தொட்டியாக விழும். 'வ' நமக்கு ஒன்றுதான், இவர்களுக்கு இரண்டு. ஒன்றில் பல் உதட்டைத் தொடும், மற்றொன்றில் உதடு குவியும். அப்புறம் எண்கள். பதினைந்தும் ஐம்பதும் ஆங்கிலத்தில் குழம்பும். ஷிஃப்ட் மாறும்போது அடுத்தவரிடம் பொறுப்பை ஒப்படைக்கும் ஹேண்டோவரில் "ஒன்று ஐந்து", "ஐந்து பூஜ்யம்" என்று இலக்கம் இலக்கமாகச் சொல். மருந்து விஷயத்தில் இதை ஒருநாளும் விடாதே.

உனக்குத் தெம்பு தரும் ஒரு விஷயமும் இருக்கிறது. லண்டன்காரர்கள் 'கோட்', 'ஃபேஸ்' போன்ற சொற்களில் உயிரொலியை வளைத்து இரண்டாக்குவார்கள். இங்கே பலர் அதை நேராக 'ஓ' என்றும் 'ஏ' என்றும் நீட்டுகிறார்கள், நம்மைப் போலவே. பள்ளிக்கூடத்தில் தப்பு என்று திருத்தப்பட்ட நம் 'ஓ'வுக்கு நியூகாசிலில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

பேச்சு வழக்கைப் பார்த்து வெட்கப்படுவது நமக்கு மட்டும் உள்ளதல்ல. 1941இல் பிபிசி, யார்க்‌ஷயரின் ஹாலிஃபாக்ஸில் பிறந்த வில்ஃப்ரட் பிக்கிள்ஸைத் தேசியச் செய்தி வாசிக்க வைத்தது. அவருடைய வடக்கத்திப் பேச்சைக் கேட்ட பலர் புகார் எழுதினார்கள். இங்கிலாந்துக்காரரையே இங்கிலாந்துக்காரர் அப்படி நடத்தினார்கள். என் நோயாளிகளில் சிலர் டாக்டர் வந்ததும் பேச்சை மாற்றிக்கொள்வார்கள், அவர் போனதும் பழைய பேச்சுக்குத் திரும்புவார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சென்னை ஹாஸ்டல் ஞாபகம் வரும். முதல் நாள் சாப்பாட்டு மேசையில் "கொஞ்சம் வெள்ளம் தா" என்று கேட்டேன், நம் ஊரில் வெள்ளம் என்றால் தண்ணீர்தானே. "எங்கே வெள்ளம்? ஓடு ஓடு" என்று மேசையே சிரித்தது. அன்றோடு 'வெள்ளம்' போனது. 'என்னுடைய', 'உன்னுடைய' என்பதற்கு நாம் சொல்லும் 'எனக்க', 'உனக்க' ஆறு மாதத்தில் போனது. யாரும் பிடுங்கவில்லை, நானே ஒளித்துவைத்தேன். எனக்கு இன்றும் வலிப்பது அதுதான்.

அம்மா சொல்வதை அதனால்தான் லேசாக எடுக்காதே என்கிறேன், குற்றமாகவும் எடுக்காதே. லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஹரால்ட் ஆர்ட்டன் தலைமையில் 1950 முதல் 1961 வரை இங்கிலாந்தின் 300க்கும் மேற்பட்ட ஊர்களில் வட்டாரப் பேச்சைப் பதிவு செய்தார்கள். பிறந்த ஊரை விட்டு அதிகம் நகராத முதியவர்களையே தேடிப் பிடித்தார்கள். ஊர் மாறினால் பேச்சு மாறும் என்று அவர்களுக்குத் தெரியும். நீ கடல் தாண்டியவள், கொஞ்சம் மாறத்தான் செய்யும்.

ஆனால் சும்மா விட்டால் தங்காது. பேச ஆள் வேண்டும். இங்குள்ள தமிழர் கூட்டங்களில் சென்னை, கோவை, யாழ்ப்பாணம் என்று கலந்து பேசுவதால் எல்லாரும் நடுவே ஒரு பொதுத் தமிழுக்கு வந்துவிடுகிறோம். அது நல்லதுதான், ஆனால் அதில் 'எனக்க' வராது. நான் திரும்பப் பிடித்தது அம்மாவுடன் போனில்தான். எப்படி இருக்கிறாய், சாப்பிட்டாயா என்பதோடு வைத்துவிட்டால் பேச்சு வராது. சண்டை போட வேண்டும், ஊர்க்கதை கேட்க வேண்டும், சமையல் கேட்க வேண்டும். மரச்சீனிக் கிழங்கை (மரவள்ளி) எப்படி அவிக்க வேண்டும் என்று அம்மா அரைமணி நேரம் சொன்ன நாளில் 'பைய', 'இங்கன', 'வாரியல்' எல்லாம் என் வாயிலும் தானாக வந்தன. என் மகன் இங்கே பிறந்தவன். வெளியே சுத்த ஜோர்டி. வீட்டில் "அம்மா, வெள்ளம்" என்றுதான் கேட்கிறான்.

அடுத்த வாரம் இரவு ஷிஃப்ட் இல்லாத நாள் எது என்று எழுது. மேற்குப் பகுதிக் கடையில் மரச்சீனி கிடைக்கிறது, மீன் குழம்பு நான் வைக்கிறேன். அம்மாவை வீடியோவில் கூப்பிட்டு மூன்று பேரும் பேசலாம். நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு வா மக்ளே, புரியாத சொல் எதுவானாலும் பார்ப்போம்.