கிறிஸ்துமஸுக்கு ஒரு சின்னத் தட்டு

அன்புள்ள அண்ணனுக்கு,

என் மகள் சென்னையில் வேலை பார்த்துக்கொண்டே நண்பர்களோடு சேர்ந்து ஒரு பேண்ட் நடத்துகிறாள். இண்டி பாப் என்கிறார்கள். சினிமாவும் இல்லை, கம்பெனியும் இல்லை, தாங்களே எழுதித் தாங்களே பாடுகிறார்கள். கிறிஸ்துமஸுக்குச் சொந்தமாக ஒரு பாட்டுப் போட்டு, அதை ஏழு அங்குல வினைல் தட்டாக வெளியிடப் போகிறார்களாம். பாதிச் செலவை என்னிடம் கேட்கிறாள். பணம் பெரிதில்லை. ஆனால் ரெக்கார்டு பிளேயர் இன்றைக்கு யார் வீட்டில் இருக்கிறது? வருஷத்தில் பத்து நாள் கேட்கிற பாட்டுக்குத் தட்டு எதற்கு? கோயிலில் காலங்காலமாகப் பாடுகிற பாட்டுகள் இருக்கப் புதிதாக ஒன்று எதற்கு? நீங்கள் பழைய ரெக்கார்டு சேர்ப்பவர் என்பதால் கேட்கிறேன்.

ஒரு வாசகர், தேவகோட்டை

அன்புள்ள தம்பிக்கு,

பணத்தைக் கொடுங்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த டிசம்பருக்கே தட்டு கையில் வேண்டும் என்று பிள்ளைகள் அவசரப்பட்டால் மட்டும் பிடித்து நிறுத்துங்கள், காரணம் பின்னால் வருகிறது.

வருஷத்தில் பத்து நாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பாட்டின் பலமே அதுதான். மற்ற பாட்டெல்லாம் வந்த வாரத்தில் ஓடவில்லை என்றால் போயிற்று, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கிறிஸ்துமஸ் பாட்டுக்கு அடுத்த டிசம்பர் இருக்கிறது, அதற்கடுத்த டிசம்பரும் இருக்கிறது. வாம் என்ற பிரிட்டிஷ் பாப் குழுவின் 'லாஸ்ட் கிறிஸ்துமஸ்' 1984-இல் வந்தது, பிரிட்டன் பாட்டு விற்பனைப் பட்டியலில் அது முதலிடத்துக்கு வந்தது 2021 ஜனவரி 1 அன்று. மரியா கேரியின் கிறிஸ்துமஸ் பாட்டு 1994-இல் வந்து, அமெரிக்காவில் முதலிடத்தைப் பிடிக்க 2019 டிசம்பர் ஆயிற்று. அவர்கள் பெரிய நட்சத்திரங்கள், சரி, ஆனால் பருவம் திரும்பி வருவது எல்லோருக்கும் ஒன்றுதான். போனில் மட்டும் விட்டால் உங்கள் மகளின் பாட்டு ஒவ்வொரு டிசம்பரும் இந்த மாதிரிப் பெரும் பாட்டுகளின் அடியில் போய்விடும், தேடினால்தான் கிடைக்கும். தட்டாக ஒரு வீட்டுக்குள் போய்விட்டால் அது அங்கேயே இருக்கும். நம் பக்கத்து வீடுகளில் வருஷம் ஒரு தடவை மட்டும் அறையிலிருந்து எடுத்துத் துடைத்துப் புழங்கிவிட்டு மறுபடி உள்ளே வைக்கிற சாமான்கள் எத்தனை! செட்டிநாட்டுப் பிள்ளையார் நோன்பன்று இழை எடுத்துக்கொள்ள (மாவில் வைத்த நூல் திரியைச் சுடரோடு வாயில் போட்டுக்கொள்வது) வெளியே வருகிற பாத்திரத்தை மற்ற நாளெல்லாம் சும்மா கிடக்கிறதே, வீண்தானே என்று எந்த ஆச்சியாவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? (நோன்பும் பல வருஷம் கிறிஸ்துமஸை ஒட்டியே வருகிறது.)

பிளேயர் இல்லாதவர்களும் வாங்குவார்கள், பரிசாகக் கொடுப்பார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில், பழைய சாமான் கடை ஒன்றில், பீங்கான் கோப்பைகளுக்குப் பின்னால் ஏழு அங்குலத் தட்டுகள் ஒரு கட்டாக இருந்தன. ஒன்றின் காகித உறையில், மேல் மூலையில், நீல மையில் ஒரு பெண் பெயரும் அதன் கீழே 'பினாங்கிலிருந்து' என்றும் எழுதியிருந்தது. கடைக்காரர் வேட்டி நுனியால் துடைத்து ஓட்டிக் காட்டினார். முதல் சுற்று முழுக்க வெறும் கரகரப்புதான், அப்புறம் திடீரென்று பெட்டியைத் திறந்த மாதிரி குரல் வந்தது. பாட்டு சுமார்தான். ஆனால் யாரோ ஒருவர் கடல் தாண்டி இன்னொருவருக்காக வாங்கிவந்தது என்பது அதிலேயே இருந்தது. பீட்டில்ஸ் 1963 முதல் 1969 வரை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ரசிகர் மன்றத்தாருக்கு மெல்லிய வளையும் தட்டில் வாழ்த்துப் பதிந்து தபாலில் அனுப்பினார்கள். பண்டிகையும் தட்டும் அப்படித்தான் பொருந்தும்.

நம் ஊருக்கு இது புதிதும் அல்ல. ஏவி.எம். மெய்யப்பன் சினிமாவுக்கு வருமுன் தொட்டது கிராமபோன் தட்டைத்தான். காரைக்குடியில் அவர் குடும்பத்தின் ஏ.வி. அண்ட் சன்ஸ் கடையில் தட்டு விற்றார்கள், அங்கிருந்துதான் அவர் சென்னைக்குப் போய் 1932-இல் சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்ற தட்டுக் கம்பெனி தொடங்கினார். நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் பழைய தட்டுகளைச் செய்யச் சேர்த்த அரக்கே பெரும்பாலும் இந்தியக் காடுகளிலிருந்து போனதுதான்.

புதுப் பாட்டு எதற்கு என்ற கேள்விதான் முக்கியம். கோயில் பாட்டு ஆலயத்துக்கு, அதை யாரும் மாற்ற வேண்டாம். ஆனால் வீட்டுக்கு வந்து சேர்கிற கிறிஸ்துமஸ், வேலைக்குப் போன ஊரில் தனியாகக் கழிகிற கிறிஸ்துமஸ், இதையெல்லாம் யார் பாடுவது? அமெரிக்காவில் டுலூத் ஊரின் லோ என்ற குழு 1999-இல் சின்னதாக ஒரு கிறிஸ்துமஸ் தட்டு போட்டது. அதில் 'ஜஸ்ட் லைக் கிறிஸ்துமஸ்' என்றொரு பாட்டு, ஸ்டாக்ஹோமிலிருந்து ஆஸ்லோவுக்குப் போகிற வழியில் நடப்பது. பனி பெய்ததும் கிறிஸ்துமஸ் மாதிரி இருக்கிறது என்கிறார் ஒருவர். பாட்டு அதை ஒத்துக்கொள்ளாது. வழி தப்பி, சின்னக் கட்டில்களில் படுத்த பிறகுதான் கிறிஸ்துமஸ் வந்ததாகச் சொல்லும். நான் கேட்ட கிறிஸ்துமஸ் பாட்டுகளில் எனக்கு மிகவும் பிடித்தது அது. பனி விழுகிற நாட்டுக்காரர்களே பனி போதாது என்கிறார்கள், தேவகோட்டைப் பிள்ளை எதற்குப் பனிமலையைப் பாட வேண்டும்? குடிலுக்காகத் தேங்காய்ச் சிரட்டையில் கேழ்வரகு முளைக்கப் போடுவதை, விடியற்காலையில் ஒரு பக்கம் திருப்பாவையும் ஒரு பக்கம் கேரலும் ஒலிபெருக்கியில் கலந்து வருவதை, ராத்திரி பஸ்ஸில் முன்பதிவு கிடைக்காமல் நின்றுகொண்டே ஊர் வருவதைப் பாடட்டும். அதை வேறு யாரும் பாடித் தரப்போவதில்லை.

இனி அவசர விஷயம். வினைல் அடிப்பது நினைத்த மாத்திரத்தில் ஆகிற வேலை இல்லை. அலுமினியத் தகட்டின் மேல் பூசிய மெழுகு போன்ற பரப்பில் முதலில் பாட்டை வெட்ட வேண்டும். அதன்மேல் நிக்கல் முலாம் ஏற்றி அச்சு எடுத்து, அந்த அச்சால்தான் சூடான பிளாஸ்டிக்கை அழுத்துகிறார்கள். அந்த வெட்டுத் தகடு செய்கிற இடங்களே உலகில் மிகக் குறைவு. கலிஃபோர்னியாவில் அப்படி ஒரு ஆலை 2020 பிப்ரவரியில் எரிந்துபோய், ஜப்பானில் ஒன்றுதான் மிஞ்சியது. பல இடங்களில் மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். அதனால்தான் கிறிஸ்துமஸ் பாட்டைக் கோடையில் பதிவது வழக்கமாக இருக்கிறது. அமெரிக்கப் பாடகர் பிங் கிராஸ்பி 'வொயிட் கிறிஸ்துமஸ்' பாடியது 1942 மே மாதம். அடித்து அடித்து மூல அச்சே தேய்ந்துபோக, 1947-இல் மறுபடி பாடிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

உங்கள் மகளிடம் சொல்லுங்கள்: சித்திரைக்குள் பதிவை முடிக்கட்டும், அக்டோபரில் தட்டு கையில் இருக்கும்படி ஆர்டர் கொடுக்கட்டும். நிமிஷத்துக்கு நாற்பத்தைந்து சுற்றில் ஒரு பக்கத்துக்கு நாலு நிமிஷத்தைத் தாண்ட வேண்டாம், தாண்டினால் சத்தம் மெலியும். ச, ஸ ஓசைகள் உள்வட்டத்தில் சீறும், கிறிஸ்துமஸ் பாட்டில் அவற்றுக்குப் பஞ்சமே இருக்காது, அதனால் வினைலுக்கென்று தனியாக மாஸ்டரிங் (ஒலியைக் கடைசியாகச் சீர்செய்வது) செய்யச் சொல்லுங்கள், அதில் மட்டும் சிக்கனம் வேண்டாம். பின்பக்கத்தைச் சும்மா விடாமல் இன்னொரு சொந்தப் பாட்டு வைக்கட்டும். உறைக்குள் பாட்டை இறக்கிக்கொள்ள ஒரு குறியீட்டுச் சீட்டும் இருக்கட்டும், பிளேயர் இல்லாதவர்களுக்கு அது போதும். வெட்டுக் கூலியும் முலாம் கூலியும் சில நூறு தட்டு வரை எத்தனை அடித்தாலும் ஒன்றுதான், ஆனாலும் முதல் தடவை இருநூறுக்கு மேல் போக வேண்டாம். மிஞ்சுகிற தட்டுகளை ஓட்டுக்கடியில் மாடியில் போட்டுவிடாதீர்கள், நம் ஊர் வெயிலில் வளைந்துவிடும். கீழே தடித்த சுவர் உள்ள அறையில், படுக்க வைக்காமல் நிற்க வைத்து அடுக்குங்கள். அடுத்த டிசம்பரில் எடுத்து விற்கலாம். எனக்கு இரண்டு வேண்டும், ஒன்று கேட்க, ஒன்று கோலாலம்பூரில் இருக்கிற என் தங்கைக்கு. விலைக்குத்தான் வாங்குவேன்.

அன்புடன்.