யூனியன் தச்சுப் பயிற்சிக்குப் போகலாமா? கையில் 9,000 டொலர் இருக்கிறது

கேள்வி: வணக்கம் அண்ணா. வயது 31, யாழ்ப்பாணத்தில் ஏ.எல். வரை படித்தேன். ஆறு வருடமாக ஸ்காபரோவில் வெயார்ஹவுஸ் வேலை. மணிக்கு 22 டொலர், கிழமைக்கு 40 மணித்தியாலம். மனைவி டேகெயாரில் பகுதிநேரம் செய்து மாதம் 1,300 கொண்டு வருகிறார். மூன்று வயதில் மகள். அவளுக்கு வரும் சைல்ட் பெனிஃபிட் 500 அளவில். பேஸ்மண்ட் வாடகை, கார் லோன், மாதம் 500 சீட்டு எல்லாம் சேர்த்துச் செலவு 4,300. சேமிப்பு 9,000. அப்பா ஊரில் தச்சு வேலை செய்தவர், எனக்கும் அது கைவரும். யூனியன் தச்சுப் பயிற்சிக்கு விண்ணப்பிக்க ஆசை. தொடக்கத்தில் மணிக்கு 24 டொலர் கிடைக்கும் என்று அங்கே இருக்கும் நண்பர் சொல்கிறார். மனைவி பயப்படுகிறார். இன்னொருவர் 1,500 டொலர் தந்தால் இடம் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: தம்பி, முதலில் அந்த 1,500 டொலர். கொடுக்க வேண்டாம். யூனியனில் இடம் விற்பனைக்கு இல்லை. ரொறன்ரோ பகுதித் தச்சர்களுக்கு லோக்கல் 27 என்ற யூனியன் கிளை இருக்கிறது. அதன் பயிற்சிக் கல்லூரி காலேஜ் ஆஃப் கார்பென்டர்ஸ் அண்ட் அலைட் ட்ரேட்ஸ் வோன் நகரில் இருக்கிறது. நேரே போய்க் கேளுங்கள். ஏ.எல். சான்றிதழையும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பையும் கையோடு கொண்டு போங்கள். கணக்கில் பின்னம் மறந்திருந்தால் இப்போதே திரும்பப் பழகுங்கள். இங்கே வேலைத்தளத்தில் அளவெல்லாம் அங்குலமும் அதில் பதினாறில் ஒரு பங்கும்தான். ஊரில் சென்ரிமீற்றரில் படித்து வந்த நம் பிள்ளைகள் தடுமாறுவது அந்த இடத்தில்தான்.

இனி மனைவியின் பயத்துக்கு வருவோம். அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. 22 டொலரை விட 24 பெரிது என்று நண்பர் சொல்வது மணிக்கணக்குக்குச் சரி. வீடு ஓடுவது வருடக் கணக்கில்.

இப்போது உங்களுக்கு வருடம் முழுக்க வேலை இருக்கிறது: 22 பெருக்கல் 40 பெருக்கல் 52, அதாவது 45,760 டொலர். பயிற்சியில் சேர்ந்தால் ஒரு வருடத்தில் எட்டுக் கிழமை வகுப்பில் இருக்கலாம். ஒரு கட்டடம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் நாலு கிழமை வீட்டில் இருக்க வேண்டி வரலாம். மிச்சம் 40 கிழமை, 1,600 மணித்தியாலம். 24 டொலர்ப்படி 38,400. வகுப்புக் காலத்தில் ஈ.ஐ., அதாவது வேலையில்லாத காலத்துக்கான அரசுக் காப்புறுதிக் காசு, கிடைக்கும். அது சம்பளத்தின் 55 வீதம், உங்கள் கணக்கில் கிழமைக்கு 528 டொலர். காசு தராத காத்திருப்புக் கிழமை ஒன்று போக ஏழு கிழமைக்கு 3,696. மொத்தம் 42,096. மணிச் சம்பளம் 2 டொலர் கூடியும் வருட வருமானம் 3,664 டொலர் குறைந்துவிட்டது. வேலை இல்லாத அந்த நாலு கிழமைக்கும் ஈ.ஐ. கேட்கலாம்தான். பாதுகாப்புக்காக நான் அதைச் சேர்க்கவில்லை.

கணக்கு இப்படி வந்தாலும் போங்கள் என்றுதான் சொல்கிறேன். ஒன்ராறியோவில் ஜெனரல் கார்பென்டர் பயிற்சி 7,200 மணித்தியாலம். அதில் 720 மணித்தியாலம் வகுப்பு, எட்டெட்டுக் கிழமையாக மூன்று தரம். நீங்கள் வருடத்துக்கு 1,600 மணி வேலை செய்தால் நாலு, நாலரை வருடத்தில் முடித்துவிடலாம். பயிற்சியாளரின் சம்பளம் முழுத் தச்சரின் சம்பளத்தில் இத்தனை வீதம் என்று யூனியன் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். ஒவ்வொரு கட்டம் தாண்டும்போதும் அந்த வீதம் ஏறும். அந்த ஒப்பந்தத்தின் சம்பளப் பக்கத்தைக் கேட்டு வாங்கி மனைவியோடு உட்கார்ந்து வாசியுங்கள். நண்பர் சொன்ன 24 சரிதானா என்பதும் அதில் தெரியும். கடைசிச் சோதனையில் 70 வீதம் எடுத்து ரெட் சீல் என்ற தொழில்தகுதி முத்திரை பெற்றால் அந்தத் தகுதி மற்ற மாகாணங்களிலும் செல்லும். வெயார்ஹவுஸில் இன்னும் ஆறு வருடம் நின்றாலும் இப்படி ஒன்று கையில் வராது.

ஆகவே கேள்வி போகலாமா என்பது அல்ல, அந்த இடைவெளிகளைத் தாண்டக் கையில் காசு இருக்கிறதா என்பதுதான். இருக்கிறது, மட்டுமட்டாக. செலவு 4,300இல் மனைவியின் 1,300ஐயும் பெனிஃபிட் 500ஐயும் கழித்தால் உங்கள் பங்கு மாதம் 2,500. காலணி, கருவி, சேர்வுக் கட்டணம், முதல் மாதச் சந்தா என்று தொடக்கத்துக்கு 1,500 ஒதுக்குங்கள். மிச்சம் 7,500. அது உங்கள் பங்குக்குச் சரியாக மூன்று மாதம்: வகுப்புக்கு இரண்டு, வேலையில்லாத நாளுக்கு ஒன்று. இடம் எடுத்துத் தருகிறேன் என்பவர் கேட்கும் காசும் அதே 1,500தான். அதைக் கொடுத்தால் அந்த மூன்றாவது மாதத்தில் பாதிக்கு மேல் போய்விடும்.

ஈ.ஐ. வருகிறதே, பிறகு ஏன் சேமிப்பு என்று கேட்பீர்கள். விண்ணப்பித்து முதல் காசு கையில் கிடைக்க 28 நாள் வரை ஆகலாம். எட்டுக் கிழமை வகுப்பில் பாதி முடிந்திருக்கும், வாடகை ஒன்றாம் திகதியே போயிருக்கும். வகுப்புக்கு அழைப்புக் கடிதம் வந்ததும் அதில் உள்ள குறியீட்டு எண்ணைப் பத்திரப்படுத்துங்கள், விண்ணப்பத்தில் அதைக் கேட்பார்கள். ஒரு நல்ல விஷயம், காத்திருப்புக் கிழமை பயிற்சிக் காலம் முழுவதற்கும் ஒரு தரம்தான். இரண்டாம், மூன்றாம் தர வகுப்புக்கு அது இல்லை.

அது போதாவிட்டால் கிரெடிட் கார்டில் கை வைக்காதீர்கள். ரெட் சீல் தொழில் பழகுபவர்களுக்குக் கனடா அப்ரெண்டிஸ் லோன் இருக்கிறது. ஒவ்வொரு வகுப்புக் காலத்துக்கும் 4,000 டொலர் வரை தருவார்கள், வட்டி இல்லை. நிரந்தர வதிவிடம் இருந்தால் போதும். ஆனால் யாராவது மத்திய அரசின் 1,000 டொலர் அப்ரெண்டிஸ் கிராண்ட் வரும் என்று சொன்னால் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அந்தக் கொடைகள் 2025 மார்ச் 31ஓடு நின்றுவிட்டன. பழைய தகவல் இன்னும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது.

வெயார்ஹவுஸ் வேலையை எப்போது விடுவது? தொடக்கத் திகதி எழுத்தில் வந்த பிறகு. காரணமில்லாமல் முன்கூட்டியே விட்டால் இதுவரை சேர்த்த ஈ.ஐ. மணித்தியாலங்கள் கணக்கில் வராமல் போகலாம். அடுத்த வேலை உறுதியாகக் கையில் இருந்து விட்டால் அது ஏற்றுக்கொள்ளப்படும் காரணம். விடுவதற்கு முன் மூன்று பேரும் பல் வைத்தியரிடம் போய் வந்துவிடுங்கள். இப்போதைய காப்புறுதி நின்றுவிடும், யூனியன் காப்புறுதி தொடங்குவதற்குக் குறிப்பிட்ட மணித்தியாலம் வேலை செய்து சேர்க்க வேண்டியிருக்கும்.

இன்னொன்றையும் மனைவிக்குத் தெரியச் சொல்லுங்கள். ஒன்ராறியோச் சட்டப்படி கட்டுமானத் தொழிலாளரை நிறுத்த முன்னறிவித்தல் கொடுக்க வேண்டியதில்லை, அதற்கு ஈடான காசும் இல்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் இன்றோடு முடிந்தது என்று போர்மன் சொல்லலாம். அது உங்கள் வேலையில் குறை கண்டு சொல்வதல்ல, அந்தத் தளத்தில் வேலை முடிந்துவிட்டது, அவ்வளவுதான். பெயரைத் திரும்ப யூனியன் பட்டியலில் போட்டுவிட்டு அழைப்புக்குக் காத்திருக்க வேண்டும். வேலைநிறுத்தமும் வரும். 2022 மே மாதம் இந்த மாகாணத்துத் தச்சர்கள் கிழமைக்கணக்கில் வெளியே நின்றார்கள்.

என்னிடம் வரிக் கணக்குக்கு வரும் ஒரு தச்சர் சட்டைப் பையில் சின்னக் கொப்பி ஒன்று வைத்திருப்பார். தட்டையான தச்சுப் பென்சிலால் ஒவ்வொரு நாளும் திகதி, தளம், மணித்தியாலம், செய்த வேலை. பக்கத்து மூலையில் போர்மனின் கையெழுத்து. ஒரு வருடம் அவருடைய ஓய்வூதியக் கணக்கில் ஒரு மாத மணித்தியாலம் விழவே இல்லை. ஒப்பந்தக்காரர் அனுப்பவில்லை. இவர் கொப்பியைக் கொண்டுபோய் யூனியன் மேசையில் விரித்தார், இரண்டு மாதத்தில் அந்த மணித்தியாலங்கள் கணக்கில் சேர்ந்தன. முதல் நாளே அப்படி ஒரு கொப்பி வாங்குங்கள். உங்கள் 7,200க்கும் அதுதான் சாட்சி.

வரியைப் பொறுத்தவரை, யூனியன் சந்தா முழுவதும் கழிவாகும். கருவிக்கும் கழிவு உண்டு, ஆனால் வருடத்தில் சுமார் 1,500 டொலருக்கு மேல் வாங்கிய பகுதிக்குத்தான், அதுவும் 1,000 வரை. நிறுவனத்திடம் படிவமும் வேண்டும். எனவே வரி திரும்பி வரும் என்று நினைத்து விலை கூடிய பெல்ட்டும் பவர் டூலும் வாங்காதீர்கள். நல்ல சுத்தியல், அளவுநாடா, மூலைமட்டம், பச்சை முக்கோணம் போட்ட காலணி, இவை தொடக்கத்துக்குக் காணும். பெனிஃபிட் கணக்கும் உடனே மாறாது. முதல் வருடம் வருமானம் குறைந்தாலும், அந்த வருடத்து வரிக் கணக்கைக் கொடுத்த பிறகு அடுத்த ஜூலையில்தான் தொகை கூடும்.

சீட்டை இடையில் நிறுத்த வேண்டாம், நாலு பேரோடு உள்ள நம்பிக்கை அது. ஆனால் பிக்கப் ட்ரக் வாங்க என்று அவசரப்பட்டுக் கழிவு கொடுத்துச் சீட்டை முன்கூட்டியும் எடுக்காதீர்கள். இப்போதுள்ள கார் போதும். முடிகிற வரை கட்டி, இது முடிந்ததும் புதிதாகச் சேராமல் அந்த 500ஐ மாதாமாதம் ரி.எஃப்.எஸ்.ஏ. என்ற வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் போடுங்கள். வேண்டிய நாளில் வரியில்லாமல் எடுக்கலாம். 7,500ஐயும் அங்கேதான் வையுங்கள், பங்குச் சந்தையில் போடாமல், சாதாரணச் சேமிப்பாக.

இந்தக் கிழமையே கல்லூரிக்குப் போன் பண்ணி, அடுத்த சேர்ப்பு எப்போது, நுழைவுச் சோதனை எப்படி என்று கேளுங்கள். ஒப்பந்தத்தின் சம்பளப் பக்கம் கிடைத்ததும் எனக்கு அனுப்புங்கள், 24க்குப் பதில் உண்மையான எண்ணைப் போட்டு இதே கணக்கை உங்கள் மனைவியோடு சேர்த்துத் திரும்பப் பார்ப்போம்.