வெள்ளி போட்ட தண்ணீர்: ஹெப்ரிடீஸ் தீவுகளின் நாட்டு வைத்தியம்

ஸ்காட்லாந்தின் மேற்கே, கேலிக் மொழி வழங்கும் ஹெப்ரிடீஸ் தீவுகளின் வைத்திய வழக்குகள் பற்றி வந்த கேள்விகளில் சில.

அங்கும் கண்ணேறு உண்டா? எப்படிக் கழித்தார்கள்?

உண்டு. மனிதர்களுக்கும் படும் என்றாலும், கவலையெல்லாம் பசுவைப் பற்றித்தான். பால் வற்றினாலோ, எவ்வளவு கடைந்தும் வெண்ணெய் திரளாவிட்டாலோ, கடைசியாகத் தொழுவத்தை எட்டிப் பார்த்தவர் யார் என்று யோசிப்பார்கள். அடுத்தவர் மாட்டைப் புகழ்ந்துவிட்டு, கூடவே கடவுளின் ஆசியைச் சொல்லாமல் போனவர்மேல் சந்தேகம் விழும். பரிகாரம் வெள்ளித் தண்ணீர். உயிரோடிருப்பவர்களும் பிணம் சுமப்பவர்களும் கடந்துபோகும் ஓடைத் துறையில் நீர் மொண்டு வருவார்கள். அதில் வெள்ளிக் காசு போட்டு, மந்திரம் சொல்லி, பசுவின்மேல் தெளிப்பார்கள், புகட்டுவார்கள். பாத்திரத்தைக் கவிழ்த்தபின் காசு அடியில் ஒட்டியிருந்தால் கண்பட்டது உறுதி. மிளகாய் கருகியும் நெடி வரவில்லையே என்று நம் வீடுகளில் சொல்வார்களே, அதே கணக்கு. மந்திரம் ஆணிடமிருந்து பெண்ணுக்கு, பெண்ணிடமிருந்து ஆணுக்கு என்று மாற்றி மாற்றித்தான் கைமாற வேண்டும் என்றும் விதி இருந்தது.

அவர்களின் சுளுக்கு மந்திரம் அதர்வ வேதத்திலும் இருக்கிறதாமே?

ஒற்றுமை உண்மை. கேலிக் மந்திரங்களையும் பாடல்களையும் திரட்டி 1900இல் தொகுப்பாக வெளியிட்ட கலால் அதிகாரி அலெக்சாண்டர் கார்மைக்கேல் பதிந்துள்ள மந்திரத்தில், கால் முறிந்த குதிரைக்கு எலும்போடு எலும்பு, சதையோடு சதை என்று சேர்க்கிறார்கள். ஜெர்மனியின் மெர்சபர்க் நகரில் 1841இல் கண்டெடுத்த பழைய மந்திரத்திலும் குதிரைதான். அதர்வ வேதத்தின் நாலாம் காண்டம், 12ஆம் சூக்தமும் மஜ்ஜையோடு மஜ்ஜை சேரட்டும் என்கிறது. மூன்றுக்கும் ஒரே மூதாதை என்று 19ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் துள்ளினார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். எலும்பு முறிந்த இடத்தில் நின்று வேறென்ன சொல்லத் தோன்றும்?

கார்மைக்கேல் தான் கேட்டதைக் கொஞ்சம் மெருகேற்றித்தான் அச்சிட்டார் என்பதையும் மறந்துவிட வேண்டாம். அவருடைய குறிப்பேடுகள் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன, ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகையை அங்கே மனக்கலக்கத்துக்குக் கொடுத்தார்களாம். நானும் சாப்பிடலாமா?

கேலிக்கில் அதன் பெயர் 'கொலும்பாவின் அக்குள் பொதி'. ஸ்காட்லாந்தில் கிறிஸ்தவத்தைப் பரப்பிய அயர்லாந்துத் துறவி புனித கொலும்பா, மனம் கலங்கிய இடையச் சிறுவனின் அக்குளில் இதை வைத்தார் என்பது கதை. தேடிப் போய்ப் பறித்தால் பலிக்காதாம். தானாகக் கண்ணில் பட வேண்டும். நீங்களோ கடையில் மாத்திரையாக வாங்கப்போகிறீர்கள். ரத்தத்தை இளக்கும் மருந்து, கருத்தடை மாத்திரை போன்றவற்றின் வேலையை அது கெடுத்துவிடும். மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

எல்லாம் எழுத்தறியாத மக்களின் அனுபவ அறிவுதானே?

இல்லை. பீட்டன் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகத் தீவுத் தலைவர்களின் வைத்தியர்கள். லத்தீன் மருத்துவ நூல்களைக் கேலிக்கில் எழுதி வைத்திருந்தவர்கள். பாரசீக மருத்துவர் அவிசென்னா, பண்டைக் கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ் ஆகியோரின் சுவடிகள் தெற்கு யூயிஸ்ட் தீவில் ஃபெர்கஸ் பீட்டன் கையில் இருந்ததை ஸ்கை தீவுக்காரர் மார்ட்டின் மார்ட்டின் 1703இல் எழுதியிருக்கிறார். இன்று பாட்டி வைத்தியம் என்று பதிவாகும் ஒன்று, பாக்தாத் வழியாக வந்த ஏட்டு வைத்தியமாகவும் இருக்கலாம்.

தீங்கு செய்த வழக்கம் ஏதாவது உண்டா?

செயின்ட் கில்டா தீவில் பிறந்த குழந்தைகளில் பல சுமார் ஒரு வாரத்தில் தாடை இறுகி இறந்தன. 'எட்டு நாள் நோய்' என்றார்கள். உண்மையில் அது தொப்புள் வழி வந்த டெட்டனஸ். ஃபுல்மார் என்ற கடற்பறவையின் எண்ணெயைக் கானெட் பறவையின் உலர்ந்த இரைப்பையில் சேமிப்பார்கள். மூட்டுவலிக்குப் பூசிய அதே எண்ணெயைத் தொப்புளிலும் தடவியதால் கிருமி ஏறியது என்று பலர் கருதினார்கள், மறுத்தவர்களும் உண்டு. தீவின் பாதிரியார் ஆங்கஸ் ஃபிடெஸ் கிளாஸ்கோ சென்று கிருமிநாசினி முறையைக் கற்று வந்து, 1890களில் அதை அங்கே நடைமுறைப்படுத்தினார். மரணங்கள் நின்றன. ஆனாலும் ஊர் தேறவில்லை. 1930 ஆகஸ்ட் 29 அன்று மிச்சமிருந்த 36 பேரும் கப்பலேறிவிட்டார்கள்.