பீப்பாயிலிருந்து நேராக: கடும் பர்பன் விஸ்கி பற்றிச் சில கேள்விகள்

நம் ஊர் விஸ்கி 75 ப்ரூஃப், அமெரிக்க பர்பன் (பெரும்பாலும் மக்காச்சோளத்தில் வடிக்கும் விஸ்கி) 120 ப்ரூஃப் என்கிறார்கள். இவ்வளவு வித்தியாசமா?

ப்ரூஃப் என்பது மதுவின் கடுமையைச் சொல்லும் எண். ஆனால் இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள். நம்முடையது பிரிட்டிஷ்காரர்கள் விட்டுச்சென்றது. அதில் 100 ப்ரூஃப் என்றால் 57.1 சதவீத ஆல்கஹால். 75 என்றால் 42.8. அமெரிக்கக் கணக்கு எளிது: பாதியாக்கினால் சதவீதம் வந்துவிடும். 120 ப்ரூஃப் என்பது 60 சதவீதம். இதில் 30 மி.லி. குடிப்பது நம் ஊர் விஸ்கியில் 42 மி.லி. குடிப்பதற்குச் சமம். ஊற்றும் கைக்கு இது நினைவிருக்கட்டும்.

முதல் மிடறிலேயே நாக்கு எரிகிறது. வனிலா, கேரமல் என்றெல்லாம் சொல்கிறார்களே, எனக்கு எதுவும் தெரியவில்லையே?

தெரியாமல் இருப்பதுதான் இயல்பு. மிளகாயின் காரத்தை நமக்கு உணர்த்தும் அதே நரம்பு ஏற்பியைத்தான் (சூட்டையும் காரத்தையும் உணரும் புள்ளி) ஆல்கஹாலும் சீண்டுகிறது. சுமார் 42 டிகிரி சூட்டில் விழிக்க வேண்டிய அது, ஆல்கஹால் பட்டால் 34 டிகிரியிலேயே விழித்துக்கொள்கிறது. வாயின் வெப்பமே அதற்குப் போதும்.

வாய் குறுகிய கோப்பையில் 15 மி.லி. ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். நெடி கொஞ்சம் அடங்கும். கோப்பைக்குள் மூக்கை நுழைக்க வேண்டாம்; முகவாய்க்கு நேராகப் பிடித்து, வாயை லேசாகத் திறந்தபடி முகருங்கள். முதலில் சில துளிகள் மட்டும். அது வாயைப் பழக்குவதற்கு, அதை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். அடுத்த மிடறை உணவுபோல மென்று வாய் முழுக்கப் பரவவிட்டு விழுங்குங்கள். ஜிம் பீம் என்ற பர்பன் நிறுவனத்தின் குடும்பத்தைச் சேர்ந்த புக்கர் நோ இப்படி மென்று சுவைப்பதற்குப் பெயர்போனவர். 

எரிச்சல் அடங்கிய பிறகு என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள். வனிலாவும், காய்ச்சிய சர்க்கரையும், லேசான தேங்காய் வாசனையும் உள்ளே கரியாக்கிய புதிய ஓக் பீப்பாய் தருபவை. மிளகு போன்ற சுறுசுறுப்பு பெரும்பாலும் பர்பனில் சேரும் ரை (கம்பு போன்ற ஒரு மேலைநாட்டுத் தானியம்) செய்யும் வேலை. வறட்டுத் துவர்ப்பும் மரத்தூள் வாடையும் மட்டுமே நின்றால், அது மரத்தில் கிடந்து கெட்ட விஸ்கி, எத்தனை வயதானாலும்.

தண்ணீர் சேர்த்தால் தப்பா? நண்பர்கள் கேலி செய்கிறார்கள்.

கேலி செய்யட்டும். சாதாரண பர்பனில் ஆலையே தண்ணீர் சேர்த்துத்தான் அடைக்கிறது. பீப்பாய்க் கடுமையில், அதாவது பீப்பாயில் இருந்த கடுமையிலேயே தண்ணீர் சேர்க்காமல் வரும் பாட்டிலில் அந்த வேலையை உங்களிடம் விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் முதல் சுவை தண்ணீரில்லாமல் இருக்கட்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக. 60 சதவீத விஸ்கி 30 மி.லி.யில் 3 மி.லி. தண்ணீர் விட்டால் ஏறக்குறைய 54.5, 10 மி.லி. விட்டால் 45.

ஒரு கடும் பர்பனை எடைபோட எனக்குத் தெரிந்த நேர்மையான சோதனை இதுதான். 45 சதவீதத்துக்கு இறக்கிய பிறகும் மணம் விரிந்து, சுவை அடர்த்தி குறையாமல் நின்றால் அது நல்ல விஸ்கி. வெறும் இனிப்புத் தண்ணீராகிவிட்டால், நீங்கள் காசு கொடுத்தது எரிச்சலுக்கு. விலையுயர்ந்த பல பாட்டில்கள் இங்கேதான் வழுக்கி விழுகின்றன.

நிறம் அடர்த்தியாக இருந்தால், கோப்பையைச் சுழற்றியபின் சுவரில் கோடுகள் மெதுவாக இறங்கினால் தரமானது என்பது சரியா?

இல்லை. கோடுகளுக்கு முதற்காரணம் ஆல்கஹால். பர்பனில் நிறம் சேர்க்கச் சட்டம் அனுமதிப்பதில்லை என்பதால் நிறம் பீப்பாயைப் பற்றிக் கொஞ்சம் சொல்லும். சுவையைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

ஒரே பெயருள்ள பர்பன், ஒவ்வொரு தொகுதியிலும் வேறு வேறு கடுமை. ஏன்?

பீப்பாயில் ஊற்றும்போது 62.5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். அதன் பிறகு நடப்பது, பர்பன் பெரும்பாலும் தயாராகும் அமெரிக்க மாநிலமான கென்டக்கியின் வெயில் கையில். கிடங்கின் மேல்தளங்களில் கோடையில் ஆல்கஹாலைவிடத் தண்ணீர் வேகமாக வெளியேறுவதால் கடுமை ஏறும். குளிரும் ஈரமும் மிகுந்த ஸ்காட்லாந்தில் இது பெரும்பாலும் தலைகீழ். எலைஜா கிரேக் பீப்பாய்க் கடுமை பர்பன் ஆண்டுக்கு மூன்று முறை வருகிறது, ஒவ்வொன்றிலும் எண் வேறு. சில ஆலைகளின் பாட்டில்கள் 70 சதவீதத்தையும் தாண்டுவதுண்டு. அவற்றை அமெரிக்க விமானங்களில் பெட்டியில்கூட வைக்க முடியாது. அந்த எண்ணுக்காகவே வாங்கி அடுக்குபவர்கள் இருக்கிறார்கள். நான் அந்தப் பணத்துக்கு 50.5 சதவீத வைல்ட் டர்க்கி 101 பாட்டில்களாக வாங்குவேன்.

திறந்த பாட்டில் எத்தனை நாள் தாங்கும்?

பாதிக்கு மேல் இருந்தால் மாதக்கணக்கில். நிற்கவைத்து, வெயில் படாமல் வையுங்கள். படுக்கவைத்தால் கடும் ஆல்கஹால் தக்கையை அரித்துவிடும். கால்வாசிக்கு இறங்கினால் சின்ன பாட்டிலுக்கு மாற்றுங்கள்.